மூளைப் புற்றுக்கு மருந்து சுமக்கும் நானோ துகள்கள்: வரலாறு

1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பவுல் எர்லிச் விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் நிறமேறின. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தை ஏற்கும் தன்மை குறைவு என்று அவர் கருதினார். அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன் 1913-இல் டிரிப்பன் நீலச் சாயத்தை நேராக மூளைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினார். இம்முறை மூளை நீலமாயிற்று. பிற உறுப்புகள் நிறமேறவில்லை. ஆகவே காரணம் திசுவில் இல்லை, குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளது என்பது புலனாயிற்று. மூளை நுண்குழாய்களின் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே அத்தடுப்பு என்பதை 1967-இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர்.

கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றின் சிகிச்சையில் இத்தடுப்பு பெரும் இடராக உள்ளது. கட்டியின் நடுவே உள்ள குழாய்கள் கசிவுடையவை. ஆனால், அறுவைக்குப் பின் மீண்டும் வளர்பவை ஓரத் திசுவில் ஊடுருவிய செல்கள். அங்கே தடுப்பு பெரும்பாலும் சிதையாமல் இருக்கும்.

ஹென்றி பிரெம், ராபர்ட் லாங்கர் குழுவினர் தடுப்பைச் சுற்றிச் சென்றனர். கட்டியை அகற்றிய குழியில் வைக்கும் கார்மஸ்டின் வில்லைகளுக்கு 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனினும் மருந்து குழியை ஒட்டிய திசுவைத் தாண்டி அதிக தூரம் பரவவில்லை.

தடுப்பின் ஊடாகவே செல்ல முயன்றவர் பிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த யோர்க் குரொய்ட்டர். டலார்கின் என்ற வலிநீக்கிப் பெப்டைடு குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. அதைப் பாலிமர் நானோ துகள்களில் ஏற்றி, பாலிசார்பேட் 80 பூசிச் செலுத்தியபோது எலிகளின் வலியுணர்வு குறைந்ததாக 1995-இல் அவரது குழு அறிவித்தது. ஐஸ்கிரீமில்கூடச் சேர்க்கப்படும் பொருள் இது! குருதியில் உள்ள அபோலிப்போபுரதம் ஈ இப்பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. சுவர்ச் செல்கள் துகளைக் கொழுப்புத் துகளென ஏமாந்து உள்ளிழுக்கின்றன என்று பின்னர் விளக்கப்பட்டது. 2004-இல் இதே முறையில் டாக்சோரூபிசின் பெற்ற, மூளைப் புற்றுள்ள எலிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டகாலம் உயிர்பிழைத்தன.

மனிதரில் அவ்வெற்றி இன்னும் கிட்டவில்லை. செலுத்திய நானோ துகள்களில் இடைநிலை அளவாக 0.7 விழுக்காடே திண்மக் கட்டிகளை அடைவதாக, விலங்காய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கணித்தது. மூளைக்கெனத் தனித் தடுப்பும் உள்ளதை இங்குச் சேர்த்தே எண்ண வேண்டும். அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றுடன் டெமோசோலமைடு மாத்திரை தரும் 2005-ஆம் ஆண்டுச் சிகிச்சை முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. அதன் ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது.