மினுங்காத கிறிலுக்கும் ஒரு வரலாறு இருக்கு

பழைய மொறிஸ் மைனர் ஒன்றைத் திருத்தி எடுக்கிற ஆக்கள் கெதியாகக் கை வைக்கிறது முன் கிறிலிலயும் பம்பரிலயும்தான். துருப்பிடித்ததைக் கழற்றி, குரோம் அடித்து, முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்க வைத்தால்தான் "கார் வடிவா வந்திட்டுது" என்று சொல்லுவம். ஆனால் அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் உண்மையிலேயே அப்படி மினுங்கினதா?

குரோம் என்று நாங்கள் சொல்லுற மினுக்கத்தில் பெரும்பங்கு நிக்கலுடையது. உருக்கின் மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியாக மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத தடிப்பில் குரோமியம். நிக்கல் மங்காமல் பார்ப்பது குரோமியம். உருக்கைத் துருவிலிருந்து காப்பது நிக்கல். நிக்கலில் நுண்துளை விழுந்தால் ஈரமும் கடற்காற்று உப்பும் உள்ளே இறங்கி, துரு அடியில இருந்து மேல வரும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பிரயோசனமில்லை. பழைய முலாமை முழுதாக நீக்கி, குழிகளைச் செம்பால் நிரப்பி, திரும்ப முதலில இருந்து தொடங்க வேணும்.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. ஜெற் எஞ்சினுக்கும் கவச உருக்குக்கும் நிக்கல் தேவைப்பட்டது. அமெரிக்க அரசு கார்களுக்கான நிக்கலைக் கட்டுப்படுத்தியது. 1951, 52ஆம் ஆண்டுக் கார்களின் குரோம் சீக்கிரமே உரிந்ததற்கு அதுதான் காரணம். பிரித்தானியாவிலும் தட்டுப்பாடு. 1951இல் மொறிஸ் மைனரின் கிறில் கம்பிகள் குரோம் இல்லாமல், காரின் நிறத்திலேயே பெயின்ற் அடிக்கப்பட்டு வந்தன. அந்தக் காருக்கு இன்று குரோம் அடித்தால், இல்லாத ஒரு கடந்தகாலத்தைத்தான் நாங்கள் செய்து வைக்கிறம்.

இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடின கார்கள் அவை. அந்த நாட்களில் துருப்பிடித்த பம்பருக்குக் கையில கிடைத்த பெயின்றை அடித்தவர்களைக் குறை சொல்ல ஏலாது. கார் ஓட வேணும், அவ்வளவுதான்.

அதுக்காகத் துருவைத் துருவாகவே விடச் சொல்லவில்லை. விட்டால் காரே மிஞ்சாது. சுரண்டுவதற்கு முதல் படம் எடுங்கோ. ஒவ்வொரு பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, அடியில் முலாம் இருந்த அடையாளம் இருக்கோ என்று பாருங்கோ. கழற்றின துண்டை எறியாதேங்கோ. வீட்டில் அந்தக் காரை ஓடின அப்பப்பா இருந்தால், அந்தப் பெயின்ற் எப்ப, ஏன் அடித்தது என்று கேட்டு எழுதி வையுங்கோ. குரோம் எந்த வருசமும் அடிக்கலாம். அப்பப்பாவிடம் கேட்கிறதைப் பிறகு பார்ப்பம் என்று விட ஏலாது.