கண்ட்ரோல் காலத்துக் குன்னூர்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. மண் வாசனை போகாத மூட்டைகள். இதெல்லாம் மலையில் விளைந்தது, கீழே போகப்போகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அரிசிக் கடைகள். இது கீழே விளைந்து மேலே வந்தது. கூடலூர் பக்கம் வயல் உண்டு, அது வேறு கதை. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் நெல் கிடையாது. இந்த ஊர் சாப்பிடும் ஒவ்வொரு பருக்கையும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறித்தான் வர வேண்டும்.

சாதாரண நாளில் இதை யாரும் யோசிப்பதில்லை. லாரி வருகிறது, மூட்டை இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் லாரிக்குப் பெட்ரோல் இல்லாமல், ரயில் பெட்டிகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டு, கடல் தாண்டி வந்த அரிசியும் நின்றுபோனால்? 1942இல் இது மூன்றும் சேர்ந்து நடந்தது.

இரண்டாம் உலகப்போர் என்றால் நமக்கு ஸ்டாலின்கிராடும் ஹிரோஷிமாவும்தான் ஞாபகம் வரும். தமிழ்நாடு என்று வந்தால், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயந்து சென்னை காலியான கதை. நீலகிரியில் ஒரு குண்டுகூட விழவில்லை. அங்கே போர் தண்ணீர்க் குழாயாகவும் அரிசி மூட்டையாகவும் மார்க்கெட் வரிசையாகவும் வந்தது. அதாவது, ஒரு நகராட்சிக்கு அன்றாடம் முன்னால் வந்து நிற்கும் விஷயங்களாக.

* * *

ஊட்டி, குன்னூர் இரண்டு நகராட்சிகளும் 1866இல் தொடங்கியவை. போர்க் காலத்தில் அவை இயங்கியது 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தின் கீழ். சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், மார்க்கெட், ஆட்டுத்தொட்டி, ஆரம்பப் பள்ளி, அம்மை தடுப்பூசி இதெல்லாம் நகராட்சியின் வேலை. ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர் என்று ஒரு சின்ன வட்டம்தான் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் சாக்கடை அள்ளுகிறவருக்கும் அதில் இடமில்லை.

சரி, அந்தச் சின்ன வட்டத்துக்காவது அதிகாரம் இருந்ததா? குன்னூரின் நிலவரம் கொஞ்சம் விசித்திரமானது. ஊட்டி போகும் மலை ரயிலில் ஏறினால் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன், அதற்கடுத்தது அருவங்காடு. வெலிங்டன் ராணுவக் கண்டோன்மென்ட். அதற்குத் தனி போர்டு, தனிச் சட்டம். அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய புகையில்லா வெடிமருந்து அங்கே 1904இலிருந்து தயாராகி வந்தது. அது நேரடியாக இந்திய அரசின் கையில். சில கிலோமீட்டருக்குள் மூன்று நிர்வாகங்கள்.

போர் வந்ததும் வெலிங்டனில் பட்டாளம் பெருகியது, அருவங்காட்டில் வேலை பெருகியது. அங்கே வந்த ஆட்கள் காய்கறி வாங்கவும் சினிமா பார்க்கவும் வாடகை வீடு தேடவும் குன்னூருக்குத்தான் வருவார்கள். கூட்டத்தின் சுமை நகராட்சிக்கு. கூட்டத்தைக் கொண்டுவந்த முடிவில் நகராட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இல்லை.

மாகாணத்திலும் அப்போது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை. இந்தியாவைக் கேட்காமலே பிரிட்டன் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டது என்று சொல்லி 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. 1946 ஏப்ரலில் பிரகாசம் அமைச்சரவை வரும்வரை கவர்னர் ஆட்சி. தேர்தலில் ஜெயித்த மனிதர்கள் ஏதோ கொஞ்சம் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்த இடம் என்று பார்த்தால் நகராட்சியும் ஜில்லா போர்டும்தான். போர் கொடுத்த நெருக்கடிகளைத் தீர்க்கத் தேவையான எதுவும் அவற்றின் கையில் இல்லை. ரயில் பெட்டியை ஒதுக்குவது, அரிசி விலையை நிர்ணயிப்பது, பெட்ரோல் கூப்பன் கொடுப்பது எல்லாம் அரசு அதிகாரிகளின் வேலை. ஆனால் ‘மார்க்கெட்டில் அரிசி இல்லையே’ என்று கேட்க வருகிறவர் முதலில் வந்து நிற்பது வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில்.

* * *

முதலில் தண்ணீர். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், சோலைக்காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில் ரேலியா அணை இருக்கிறது. உயரம் சுமார் 43 அடி. குன்னூர் நகரின் குடிநீருக்காகக் கட்டியது. 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே அது பயன்பாட்டுக்கு வந்தது. இரும்புக்கும் சிமெண்டுக்கும் ராணுவம் முதல் உரிமை கொண்டாடத் தொடங்கியிருந்த காலத்தில் ஒரு சின்ன ஊருக்குக் குடிநீர் அணை வந்தது சாதாரண விஷயம் இல்லை. இன்றும் கோடையில் ‘ரேலியாவில் எத்தனை அடி?’ என்பதுதான் குன்னூர்க்காரர்களின் கேள்வி.

கீழே சென்னையிலும் அதே வருடங்களில் அதே கவலை. 1939–40இல் மேயராக இருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு முடிவு கட்ட, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்று கவர்னர் அரசோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். 1940இல் அடிக்கல் நாட்டியாயிற்று. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சத்தியமூர்த்தி கைதானார், சிறையில் உடல் நொறுங்கியது, 1943 மார்ச்சில் இறந்துபோனார். 1944இல் பூண்டி திறக்கப்பட்டபோது அவர் இல்லை. யாரை எதிர்த்து அரசியல் செய்தாரோ அவர்களிடமே போய் ஊருக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிய மனிதர். நகராட்சி அரசியல் எவ்வளவு சங்கடமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தாகம் சுதந்திரம் வரும்வரை காத்திருக்காது இல்லையா?

* * *

தண்ணீருக்கு அணை கட்டலாம். அரிசிக்கு?

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். போருக்கு முன்னால் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. ஒரே மாதத்தில் அது நின்றது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. சென்னையில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்மாவட்டங்களுக்குக் கிளம்பினார்கள். மலை பத்திரமான இடம் என்று பெயர். ஆனால் பத்திரமான இடத்தில் அரிசி இல்லை.

இந்த மலை எப்போதுமே கீழேயிருந்து வரும் அரிசியை நம்பியிருந்ததா என்றால், இல்லை. படகர்கள் சாமையும் ராகியும் கஞ்சே என்று அவர்கள் சொல்லும் பார்லியும் விளைவித்தார்கள். தோடர் எருமை வளர்த்தார்கள், கோத்தர் மண்பாண்டமும் இரும்பும் செய்தார்கள், குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். இவர்களுக்குள் தானியமும் நெய்யும் பாத்திரமும் கைமாறின. எல்லாம் சமத்துவமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சோறு மலையிலேயே விளைந்தது என்பதுதான் விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வந்தார்கள். காப்பி வந்தது, சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. படகர் நிலங்களில் சாமைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு ஏறியது. கோயம்புத்தூர், சேலம், மைசூர் சமவெளிகளிலிருந்து எஸ்டேட் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். கூலியும் தோட்டமும் துரை கையில் இருந்ததுபோல, பல எஸ்டேட்டுகளில் அரிசியும் நிர்வாகத்தின் ஸ்டோரிலிருந்துதான் அளந்து கிடைத்தது. 1899இல் ரயில் குன்னூரைத் தொட்டது, 1908இல் ஊட்டியை. அதற்குப்பிறகு மலையில் உணவு தானியம் விளைவிக்க வேண்டிய காரணமே இல்லாமல் போயிற்று. தேயிலையை இறக்கு, அரிசியை ஏற்று. கணக்கு சரியாக இருந்தது, ரயில் ஓடும்வரை.

போர்க் காலத்தில் பிரிட்டனின் உணவு அமைச்சகம் இந்தியத் தேயிலையை ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்கியது. அங்கே சிப்பாய்க்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் டீ நின்றுவிடக் கூடாது. அதனால் தேயிலை பறிப்பது யுத்தத்துக்கு அவசியமான வேலையாயிற்று. அதைப் பறித்தவரின் சோறு?

* * *

இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் குன்னூரிலேயே இருந்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பாகத் தெரிகிற இடம் இதுதான்.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்டது. 1918இல் அங்கே ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. மெக்காரிசனின் எலிப் பரிசோதனை பிரசித்தம். ஒரு கூட்டம் எலிக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, வேறொன்றுக்கு மதராஸிச் சாப்பாடு என்று கொடுத்து வளர்த்தார். சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியைத் தின்ற நம் ஊர் எலிகள் கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றன.

1935இல் வாலஸ் அய்க்ராய்டு இயக்குநராக வந்தார். இந்திய உணவுப் பொருள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து இருக்கிறது என்ற பட்டியலை அவருடைய கூடம் வெளியிட்டது. புழுங்கலரிசி ஏன் பச்சரிசியைவிட நல்லது, மில்லில் தீட்டினால் என்ன போய்விடுகிறது என்பதையெல்லாம் விளக்கியது. ஒரு சராசரி இந்திய ஆணுக்கு நாளுக்குச் சுமார் 2,600 கலோரி வேண்டும் என்று கணக்குச் சொன்னது.

இப்போது ரேஷனைப் பாருங்கள். 1943இல் இந்திய அரசு அமைத்த உணவுதானியக் கொள்கைக் குழு, நகரங்களில் ரேஷன் கொண்டுவரச் சொன்னது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்பது அதன் அளவு. ஒரு பவுண்டு அரிசியில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. மீதி ஆயிரத்தைப் பருப்பிலும் எண்ணெயிலும் பாலிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதெல்லாம் வாங்கக் காசு இருந்தவருக்குச் சரி. போர் முடிந்த பிறகு, 1946இல், நாடு முழுக்கத் தானியத் தட்டுப்பாடு முற்றியபோது அந்த அளவு 12 அவுன்ஸாகக் குறைந்தது. சுமார் 1,200 கலோரி. யுத்தத்தில் ஜெயித்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் சோறு இன்னும் குறைந்தது.

பெரியவர்கள் இதைத்தான் ‘கண்ட்ரோல் காலம்’ என்பார்கள். கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் துணி, கண்ட்ரோல் மண்ணெண்ணெய். புழுவும் கல்லும் சேர்ந்த அரிசி, அதற்கும் வரிசை. வரிசைக்குப் பக்கத்திலேயே கள்ளச்சந்தை.

ஆனால் ரேஷனைத் திட்டிவிட்டு மட்டும் நகர முடியாது. ரேஷன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1943இன் வங்காளம் சாட்சி. அங்கே கிராமங்களில் அப்படியொரு ஏற்பாடு வரவில்லை. அந்தப் பஞ்சத்தை விசாரிக்க 1944இல் அமைத்த கமிஷனில் குன்னூர் அய்க்ராய்டும் ஓர் உறுப்பினர். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று அறிக்கை சொன்னது. அந்த எண் குறைவு என்று அவரே பல வருஷம் கழித்து எழுதினார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று கணக்கிட்டவர், சோறில்லாமல் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் கணக்கிட வேண்டியதாயிற்று.

* * *

அதே வருஷங்களில் அமெரிக்காவிலும் ரேஷன் இருந்தது. சர்க்கரை, காப்பி, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாவற்றுக்கும் கூப்பன். ஆனால் அங்கே ஊருக்கு ஊர் ரேஷன் போர்டுகள் அமைத்தார்கள், நாடு முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல். சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள் அதில் உட்கார்ந்தார்கள். உனக்கு டயர் தரலாமா, எனக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டுமா என்பதைப் பக்கத்துத் தெரு ஆள் தீர்மானித்தார். அங்கேயும் சிபாரிசு இருந்தது, நிறவெறி இருந்தது. இருந்தாலும், போய்ச் சண்டை போட ஒரு முகம் இருந்தது.

குன்னூரில் வரிசையில் நின்றவருக்கு முன்னால் இருந்த முகம் கடைக்காரர். அவருக்குப் பின்னால் ரேஷன் அதிகாரி, அதற்குப் பின்னால் கலெக்டர், அதற்கும் பின்னால் கவர்னர். கவர்னருக்கு ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை. ஓட்டு வாங்கிய கவுன்சிலருக்கு ஒரு மூட்டையை நகர்த்தும் அதிகாரம் இல்லை. எதிரி நாட்டைவிட இந்த ஏற்பாடுதான் அந்த வரிசையை நீளமாக்கியது என்று நினைக்கிறேன்.

* * *

போர் முடிந்ததும் அய்க்ராய்டு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்குப் போனார். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. எஸ்டேட் தொழிலாளரின் வீடு, மருத்துவம், தண்ணீர் பற்றி 1951இல் ஒரு சட்டம் வந்தது. கார்டைட் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. போருக்காக வந்த ரேஷன் வடிவம் மாறி மாறி நின்றுவிட்டது. இன்று எஸ்டேட் லைன் வீட்டிலும் மார்க்கெட் சந்திலும் குடும்ப அட்டை இருக்கிறது. அரிசியில் குறையென்றால் கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் நிறுத்திக் கேட்கலாம். 1943இல் வரிசையில் நின்றவருக்குக் கிடைக்காதது அதுதான்.

அரிசி மட்டும் இன்னும் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வருகிறது. மழைக் காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு நாள் போக்குவரத்து நின்றால் போதும், மார்க்கெட்டில் விலை ஏறிவிடும். அன்றைக்கு மட்டும் ஊர் கொஞ்சம் கண்ட்ரோல் காலத்தைப் போல இருக்கும்.