நாயும் சட்டமும்

மரக்காணத்து உப்பளக் கரையில் காவலுக்கு வளர்க்கும் நாய் வழிப்போக்கரைக் கடித்தால், பொறுப்பு யாருடையது? இக்கேள்வியின் வரலாற்றைச் சிறிது காண்போம். எயினரின் காவல் மனைகளில் நாய்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 289ஆம் பிரிவில், தன் விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராவண்ணம் காக்கத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 291ஆம் பிரிவில், அபராத வரம்பை 5,000 ரூபாயாக உயர்த்தியது. இச்சட்டங்கள் எவ்வினத்தையும் பெயர் சுட்டவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. உரியோரைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று கருநாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அச்சுற்றறிக்கையை ரத்துச் செய்தது. எவ்வினமாயினும் நாயை அடக்கிக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்பதையே நான் இவ்வரலாற்றில் காண்கின்றேன்.