பாரிஸ் வால்வு மகாவலிக்கு வந்த கதை

கண்டியில் கடல் இல்லை. ஆனால் மகாவலியிலோ விக்டோரியா நீர்த்தேக்கத்திலோ ஆள் மூழ்கிவிட்டால் கடற்படைச் சுழியோடிகள் வந்து இறங்குவார்கள். அவர்கள் வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் நெடுந்தூரம் பயணப்பட்டது.

அதன் மூதாதை சுரங்கத்தில் மூச்சுவிட உதவிய ஒரு கருவி. 1860இல் பிரெஞ்சுப் பொறியாளர் ரூக்கேரோல் செய்தது. அதன் மேம்பட்ட வடிவத்தைத்தான் ஜூல் வேர்ன் தன் கடலடி நாவலில் கப்பல் தலைவர் நீமோவுக்கும் கூட வந்தவர்களுக்கும் மாட்டி, இலங்கை முத்துச்சலாபத்தில் இறக்கிவிட்டார். கதையில் மட்டும்! நம் முத்துக்குளிப்போர் மூச்சை அடக்கியே குளித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போர்க்காலப் பாரிஸ். பெற்றோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்ட பொறியாளர் எமில் காஞ்ஞான் ஒரு வால்வு செய்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அதை நீருக்கடியில் மூச்சுவிடக் கேட்டார். மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. வெளிமூச்சு போகும் திறப்பும் உள்மூச்சைத் திறக்கும் சவ்வும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததே கோளாறு. இரண்டையும் அருகருகே வைத்ததும் தீர்ந்தது. 1943இல் அக்வாலங் என்ற சுழியோடி மூச்சுக் கருவி பிறந்தது.

அந்த வகைக் கருவியோடுதான் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இலங்கைக் கடலில் இறங்கினார்கள். 1956இல் திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அதே மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடா அங்கிருந்து கிட்டத்தான்.

ரெகுலேட்டரின் வேலை இன்றும் அதேதான். சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை முதல் நிலை சுமார் 10 பாராகக் குறைக்கும். இரண்டாம் நிலை, நாம் இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றுத் தரும். குளிர்நாட்டார் ரெகுலேட்டர் உறைந்துபோகுமே என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் நமக்கு வேண்டாம். திருகோணமலைக் கடலுக்குச் சாதாரண பிஸ்டன் வகையே போதும். கலங்கிய ஆற்றுக்கு மட்டும், சேறு உள்ளே புகாத மூடிய டயஃப்ரம் (சவ்வு) வகைக்குக் காசு கொடுக்கலாம். மற்ற விலையுயர்ந்த அலங்காரமெல்லாம் கடைக்காரருக்கு லாபம்.

இறங்குமுன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுங்கள். முள் துள்ளினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். முடிந்ததும் முதல் நிலையின் தூசி மூடியை உலர்த்திப் போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்போது காற்றை வெளியே தள்ளும் பர்ஜ் பொத்தானில் கை வைக்கக் கூடாது, வைத்தால் தண்ணீர் உள்ளே போகும்.

கண்டியிலிருந்து வாங்கப் போகிறவர், கருவியின் பெயரையும் விலையையும் கேட்குமுன் ஒன்றைக் கேட்கட்டும்: இதற்கு உதிரிப்பாகம் வைத்து, வருடாவருடம் கழற்றிப் பூட்டித் தருபவர் இலங்கையில் இருக்கிறாரா? இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம்.