புழுவெட்டுச் சிகிச்சையும் தோல் நிறமிழப்பும்

தலையிலோ தாடியிலோ காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டுவதைப் புழுவெட்டு என்கிறோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வரும் நோய் இது. இதற்குத் தரப்படும் மருந்துகளில் இரண்டு, சிலருக்குத் தோலின் நிறத்தையும் குறைத்துவிடுகின்றன.

முதலாவது, ட்ரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை முடி கொட்டிய இடத்திலேயே இதைப் போடுகிறார்கள். இந்த மருந்தின் நுண்துகள்கள் எளிதில் கரையாமல் தோலுக்குள் தங்கி வேலை செய்யும். அந்த நாட்களில் நிறமி அணுக்கள் மந்தமாகி ஊசி போட்ட இடம் வெளுக்கலாம். தோல் மெலிந்து குழியும் விழலாம். சிலருக்கு வெளுப்பு நிணநீர்க் குழாய்களின் வழியே கோடாக நீளுவதும் உண்டு. கறுத்த, மாநிறத் தோலில் இது பளிச்சென்று தெரியும். நிறமி அணுக்கள் பெரும்பாலும் அழிவதில்லை என்பதால், சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ பலருக்கு நிறம் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது மருந்து இன்னும் கவனத்துக்குரியது. டைபென்சைப்ரோன் என்ற வேதிப்பொருளை 1983இல் புழுவெட்டுக்குப் பயன்படுத்திக் காட்டினார் ஜெர்மானியத் தோல் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்பிள். முதலில் 2% கரைசலைச் சிறிய இடத்தில் தடவி உடலுக்கு ஒவ்வாமையைப் பழக்குவார்கள். பிறகு 0.001% போன்ற மிகக் குறைந்த செறிவில் தொடங்கி, வாரந்தோறும் தலையில் தடவுவார்கள். அரிப்பும் சிவப்பும் வேண்டுமென்றே வரவழைக்கப்படுகின்றன; எதிர்ப்பு அணுக்களின் கவனம் மயிர்க்கால்களை விட்டு விலகும் என்பதே கணக்கு. சிலருக்கு அதே அழற்சி வெண்புள்ளி நோயைக் கிளப்பிவிடுகிறது. மருந்து படாத இடங்களிலும் அது தோன்றலாம், நிலைத்தும் விடலாம்.

பழியை முழுக்க மருந்தின் மேல் போடவும் முடியாது. புழுவெட்டும் வெண்புள்ளியும் நோயெதிர்ப்புக் கோளாறின் இரு கிளைகள்; ஒன்று வந்தவருக்கு மற்றது வரும் வாய்ப்பு கூடுதல். 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புழுவெட்டுக்குப் பாரிசிட்டினிப் மாத்திரையையும், வெண்புள்ளிக்கு ருக்சோலிட்டினிப் களிம்பையும் அனுமதித்தது. இரண்டுமே ஜேக் தடுப்பான்கள் என்ற ஒரே மருந்துக் குடும்பம்.

குணமாகும்போது முடி முதலில் வெள்ளையாக முளைப்பது நிறமிழப்பு ஆகாது, அது வழக்கமானதே.

குடும்பத்தில் யாருக்கேனும் வெண்புள்ளி இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தோலில் புதிய வெளுப்பு தெரிந்தால், அடுத்த ஊசியோ பூச்சோ வேண்டாம்; முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.