முள்தொப்பியும் அரக்குப் பூச்சும்

கல்கத்தா பஜாரில் நாற்பது வருஷம் பெயின்ட், வார்னிஷ் விற்றவன் நான். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். தோல் சாமானைத் தொடாமல் வளர்ந்த ஒருவன் ஜெர்மானியரின் தோல் தலைக்கவசத்தைப் பற்றி எழுத வருவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் அரக்கு.

பழம்பொருள் சேர்க்கும் பெரியவர் ஒருவர், நம்ம ஊர்க்காரர்தான், ஒரு நாள் கருப்புத் தொப்பி ஒன்றைக் கல்லா மேல் வைத்தார். உச்சியில் பித்தளை முள், நெற்றியில் கழுகு. "நயினாரே, பளபளப்பு போயிடுச்சு. என்ன பூசலாம், சொல்லுங்க" என்றார்.

அதன் பெயர் பிக்கெல்ஹவுபே. பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் 1842-ல் தம் படைக்குக் கொடுத்தது. முதலில் வந்தவை நல்ல உயரம். போகப் போக உயரம் குறைந்தது. பீரங்கிப் படைக்கு முள்ளுக்குப் பதில் உருண்டை வைத்தார்கள். பவேரியா 1886-ல் இதை ஏற்றது. இறுக்கிய மாட்டுத் தோலை அச்சில் வடித்து, மேலே கருப்பு வார்னிஷ் பல பூச்சு ஏற்றுவார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தனை பாடுபட்டு ஏற்றிய பளபளப்பு எதிரிக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கிறதே என்று 1892-ல் துணியுறையும் கொடுத்தார்கள்!

1914-ல் போர் மூண்டதும் ஆங்கிலேயர் கடல்வழியை மறித்தனர். தென் அமெரிக்கத் தோல் வரத்து நின்றது. கம்பளி அட்டையிலும் தகரத்திலும்கூடத் தொப்பி செய்தார்கள். எதுவானாலும் வெடிகுண்டுச் சிதறலைத் தாங்கவில்லை. 1916-ல் எஃகுத் தலைக்கவசம் வந்தது.

நூறு வருஷத்துப் பூச்சு வறண்டு, ஏரி வண்டல்போல வெடித்துவிடும். அதற்குச் சேகரிப்போர் பலரும் தேடுவது செதில் அரக்கு. பஜாரில் சப்ரா என்போம். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். தண்ணீர் கூடாது, பூட் பாலிஷும் கூடாது. மெழுகு படிந்த இடத்தில் அரக்கு ஒட்டாது. பின்பக்க விளிம்புக்கு அடியில் ஸ்பிரிட் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கணும். பழைய பூச்சு கரைந்தால் அதோடு நிறுத்திவிடணும். கரையாவிட்டால், சப்ராவை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஸ்பிரிட்டில் கரையும் கருப்புச் சாயம் கலந்து, துணி சுற்றிய பஞ்சால் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் வெள்ளை பூத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட்டாலேயே எடுத்துவிடலாம் என்பது அரக்கின் பெரிய குணம்.

இதெல்லாம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு முறை வருஷம் கடந்த கரைசலை மேஜைக்குப் பூசக் கொடுத்து, அது காயாமல் பிசுபிசுத்து, பாலிஷ் மிஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

பெரியவருக்கு விவரம் சொன்னேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரலே. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில், இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைச் சொல்கிறார். தந்தம், நஞ்சு இவற்றோடு அரக்கு வாணிபமும் அதில் உண்டு. பலாசம், இலந்தை, குசும் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பதுதான் அரக்கு. சுரண்டி எடுக்கையில் எத்தனையோ பூச்சி மாளும். அவர் சுவேதாம்பரர், நாங்கள் திகம்பரர் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடலே. புருலியா பல்ராம்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி, மாட்டுத் தோலைத் தொடமாட்டேன் என்று பெருமை பேசினவன் நான்தானே!

அந்த வருஷத்தோடு அரக்கு வாங்குவதை நிறுத்தினேன். மீந்திருந்த சப்ராவைக் காசு வாங்காமல் பெரியவருக்கே கொடுத்தேன். தொப்பியை நான் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவரே பூசினார். மூன்று நாளில் முகம் தெரியும் அளவுக்கு மினுங்கியது.

உள்பட்டைத் தோலில் போட்டிருந்தவனின் வியர்வைக் கறை இருந்தது. அதையும் துடைக்கவா என்றார். "அது இருக்கட்டும்" என்றேன்.