உக்காத மரத்தின் வரலாறு

வரலாறு என்றதும் மன்னரையும் போரையும் எண்ணவே நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஆனால், எவருடைய வீட்டுக் கூரை மூன்று தலைமுறை நின்றது, எவருடைய கூரை சில ஆண்டுகளிலேயே உக்கிச் சரிந்தது என்னும் வினாவும் வரலாற்று வினாவே. தேக்கும் முதிரையும் வாங்கக்கூடியவன் வீடு நிலைத்தது. மெல்லிய மரத்தை நம்பியவன் ஆண்டுதோறும் கறையானுக்கு வரி செலுத்தினான்.

வேலணைத் தீவின் சுருவில் போன்ற ஊர்களில் இந்நிலையை ஓரளவு மாற்றியது பனை. தேக்கினைப் போல் பனைக்கு நடுவில் வைரம் இல்லை. அதன் கருநார்கள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் ஐதாகியும் அமைந்தவை. ஆகவே ஓரமே வலியது, நடுப்பகுதி வெறுஞ்சோறு. முதிர்ந்த மரத்தைத் தேர்ந்து, சோற்றை விலக்கி, வளையும் சிலாகையும் ஆக்கிய தச்சர்கள் ஆராய்ச்சிசாலை எதனையும் கண்டவர்களல்லர். அவ்வாறே, மரத்தையும் மூங்கிலையும் நீரில் ஊறவிட்டு, அவற்றிலுள்ள மாப்பொருளையும் சர்க்கரையையும் கரைத்து நீக்கிப் பூச்சியைப் பட்டினியிடும் முறையை ஆசிய நாடுகள் பலவற்றின் உழைப்பாளர் அறிந்திருந்தனர். இவ்வறிவை ஆக்கியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

மரத்தைக் காக்கும் கலை விஞ்ஞானமாக வளர்ந்தது, முதலாளித்துவம் புகைவண்டிப் பாதை போடத் தொடங்கியபோதே. 1838இல் இங்கிலாந்தில் ஜோன் பெதல் என்பவர், இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, காற்றை அகற்றி, நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற எண்ணெயை அழுத்தத்தால் உட்செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியக் காடுகளைத் தன் தேவைக்குப் பயன்படுத்திய பிரித்தானிய ஆட்சி 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. சிலிப்பர் கட்டைகளும் காட்டு வருவாயுமே ஆட்சியாளரின் நோக்கம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எனினும் அதே நிலையத்தில்தான், 1933இல், சொண்டி காமேசம் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் உலகமே பயன்படுத்திய ஒரு கலவையை உருவாக்கினார். ஆசனிக்குச் சேர்வை ஒரு பங்கு, செப்புச் சல்பேற்று மூன்று பங்கு, இருகுரோமேற்று நான்கு பங்கு; இவை நீரில் கரைந்த கரைசலே அது. செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆசனிக்கு பூச்சியைக் கொல்லும். ஆனால் இவை மழையில் கரைந்தோடிவிடுவதே அதுவரை இருந்த இடர்ப்பாடு. குரோமியம் மரத்துடன் வினைபுரிந்து, மற்றிரண்டையும் கரையாத பொருளாக மரத்தினுள் நிலைநிறுத்தியது. காமேசத்தின் சாதனை இதில் அடங்கியிருந்தது. விலைகுறைந்த பைன் மரமும் பல பத்தாண்டுகள் மண்ணில் நிற்கும் வலிமை பெற்றது.

இதற்கு முன்னர், ஜெர்மானியப் பூஞ்சணவியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபால்க்குடன் சேர்ந்தும் காமேசம் உழைத்திருந்தார். யூதரான ஃபால்க்கை 1933இல் நாசி ஆட்சி நாட்டைவிட்டு ஓடச்செய்தது. அடிமை நாட்டவன் ஒருவனும் வேட்டையாடப்பட்ட இனத்தவன் ஒருவனும் இணைந்து தேடிய அறிவு இது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்நாட்டின் தொலைபேசிக் கம்பங்கள் இக்கலவையை உறிஞ்சி நின்றன. ஆயினும் நம் பாடநூல்களில் காமேசத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்!

அவரைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கலவையிலுள்ள ஆசனிக்கு பாடாணம். மரத்தில் நிலைத்த பின்னும் அதில் ஒரு பகுதி மெல்ல மண்ணுக்குக் கசியும். அம்மரத்தை எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் சேரும். உருளையருகே நின்றவன் தொழிலாளி. பழங்கட்டையை அடுப்புக்குப் பொறுக்குபவள் ஏழைப் பெண். 2003ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு இம்மரத்தைப் பதனிடுவது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எழுபதாண்டுகள் நன்மையைக் கணக்கிட்ட சமுதாயம், தீமையை எவர் சுமந்தார் என்பதைக் காலந்தாழ்த்தியே கேட்டது.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. போர்க்காலத்தில் வடபுலத்தின் பனைகள் பெருந்தொகையாகக் காப்பரண்களுக்குத் தறிக்கப்பட்டன. வளைக்கும் சிலாகைக்கும் வேறு மரத்தை நாடுபவன் அம்மரம் எதனால் பதனிடப்பட்டது என அறிய உரிமையுடையவன். விறகாயிருந்த ரப்பர் மரம் இன்று போரன் உப்புக்களால் தளபாடமாகிறது. போரன் மனிதருக்கு ஆசனிக்கை விடத் தீங்கு குறைந்தது. ஆனால் மழையில் கரையும், ஆதலால் கூரைக்குக் கீழேதான் பயன்படும். குறையற்ற மருந்து இன்னும் இல்லை.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே! இரசாயன வகுப்பில் செப்புச் சல்பேற்றைக் கற்கும்போது காமேசத்தையும் கற்போம். தச்சனின் கைத்தேர்ச்சியையும் அதனருகே வைப்போம். அத்துடன், எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றியும் இரண்டு வினாக்களைக் கேட்கப் பழகுவோம்: இது எவர் கூரையைக் காக்கிறது? இதன் நஞ்சு எவர் கையில் படிகிறது?